"போட்டுருக்கு" என்று சொன்னேன்

கதையின் முடிவை மாற்றிப் படித்தவள் நான்தான்.

அச்சில் இருந்தது ஒன்று. என் வாயில் வந்தது வேறு. தவறிப் போய் அல்ல, தெரிந்தே செய்தேன். அதனால் ஒருத்தி தன் நெற்றிப் பொட்டைத் தானே அழித்துக்கொண்டாள்.

உங்களுக்குத்தான் எழுதுகிறேன். கொலைக் கதை வேண்டுமா வேண்டாமா என்று பத்திரிகையில் அடித்துக்கொள்கிறீர்களே, உங்களுக்கு! ஒருவர், குடும்பம் கெட்டுவிடும் என்கிறார். ஒருவர் பேயையும் போலீசையும் காதலையும் ஒன்றாய்க் கலந்தால் அது என்ன கதை என்கிறார். இன்னொருவர், ஆகா, தூக்கமே போய்விட்டது என்று மகிழ்ந்து எழுதுகிறார். கதையால் யார் கெட்டது என்று நான் சொல்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள்.

நான் ஐந்தாவது வரை போனவள். பிழை இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன்.

கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஓர் அரிசி மில். அதில் களத்து வேலை எனக்கு. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்ப வேண்டும், காலால் கிளற வேண்டும், காய்ந்ததும் அள்ள வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கிளறிவிட்டால் அடுத்த முறைக்குள் வெயில் தன் வேலையைச் செய்யும். அதுவரை கொட்டகை நிழலில் உட்காருவோம். அங்கேதான் நான் படிப்பேன்.

கணக்குப்பிள்ளை வீட்டில் படித்து முடித்த வாரப் பத்திரிகை என் கைக்கு வரும். முதல் நாள் சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பழகிக்கொள்வேன். மறுநாள் திக்கக் கூடாது. திக்கினால் கோவிந்தம்மா சிரிப்பாள். அந்தக் களத்தில் எனக்கு மூத்தவள், வாய்க்காரி.

எங்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அச்சில் வருவதெல்லாம் ஒன்று. ரேஷனில் சர்க்கரை கூடக் கிடைக்கும் என்று செய்தி வந்தாலும், ஏரியில் பிணம் மிதந்தது என்று கதை வந்தாலும், ஒரே கேள்விதான் கேட்பார்கள். "போட்டுருக்கா?"

நான் "போட்டுருக்கு" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சாட்சி இல்லை.

அந்த ஒரு சொல்தான் எனக்கு இருந்த மரியாதை. என் புருஷன் என்னை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான். ஊரில் எனக்கு என்ன பெயர் இருக்கும்? கொட்டகை நிழலில் மட்டும் நான் வாய் திறந்தால் எல்லோரும் வாய் மூடினார்கள்.

அப்போதுதான் அந்தத் தொடர்கதை வந்தது.

ஏரிக்கரையில் ஒரு பங்களா. வீட்டுக்காரன் படகில் போனான், படகு மட்டும் திரும்பி வந்தது. உடல் கிடைக்கவில்லை. பிறகு அவனுடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராய்ச் செத்தார்கள். செத்தவர் வீட்டில் எல்லாம் ஈரக் கால் தடம். விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரிக்கு அந்த வீட்டுக்காரி மேல் ஆசை. பேய்க் கதை என்று உட்கார்ந்தால் போலீஸ் வந்தது. போலீஸ் கதை என்று நிமிர்ந்தால் காதல் வந்தது.

களம் இரண்டாகப் பிரிந்துபோயிற்று. எஸ்தர் என்று ஒரு பெண், காதைப் பொத்திக்கொண்டே "அப்பால?" என்பாள். தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாகப் போவதையே விட்டுவிட்டாள். கோவிந்தம்மாவுக்கு எரிச்சல்.

"இன்னாமே கதை இது? பேயின்னா பேயின்னு சொல்லு, போலீசுன்னா போலீசுன்னு சொல்லு. கருவாட்டையும் பாயசத்தையும் ஒரே சட்டில காய்ச்சிக்கினு கீறான்" என்றாள்.

திட்டினாலும் முன்வரிசையில் உட்காருகிறவள் அவள்தான். உங்களைப் போலத்தான்.

சுப்பம்மா மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை.

அவள் பழவேற்காட்டு ஏரிக் குப்பத்துக்காரி. பாதி தெலுங்கு பேசுவாள். அவள் புருஷனும் ஏரியில்தான் போனான். அவனுடைய படகும் வலையோடு திரும்பி வந்தது. அவன் வரவில்லை. குப்பத்தார் காரியம் செய்து பொட்டை அழிக்கச் சொன்னார்கள். உடலைக் காட்டுங்கள், அழிக்கிறேன் என்றாள். சண்டை முற்றி, குப்பத்தை விட்டு மில்லுக்கு வந்தவள். நெற்றியில் காலணா அகலம் பொட்டு. கழுத்தில் தாலி. தினமும் தூக்குச்சட்டியில் சென்னாக்குனிக் குழம்பு கொண்டுவருவாள். அந்தப் பொடி இறால் குழம்புக்காகவே எல்லோரும் பழைய சோற்றோடு காத்திருப்போம்.

ஈரக் கால் தடம் வந்த அன்று அவள் சொன்னாள். "பேயும் இல்ல, ஒன்னும் இல்ல. தண்ணில பூட்டவன் ஈரத்தோடதான வருவான். அந்த ஆளு சாவல. வந்துனு கீறான்."

"உன் ஊட்டுக்காரன் வர மாதிரியா?" என்று குத்தினாள் கோவிந்தம்மா.

சுப்பம்மா கோபப்படவில்லை. "ஆமா. இவன் வந்தான்னா அவனும் வருவான்."

அதுதான் அவள் தனக்கு வைத்துக்கொண்ட குறி. எல்லோரும் கேட்டோம். நானும் கேட்டேன். கேட்கவில்லை என்று இன்று பொய் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு வாராவாரம் என்ன ஆயிற்று தெரியுமா? நான் படித்து நிறுத்தினால், முகங்கள் அவள் பக்கம் திரும்பின! அடுத்து என்ன என்று அவளைக் கேட்டார்கள். அவள் சொன்னாள். அடுத்த வாரம் அப்படியே வந்தது. அது எப்படி? எழுத்து தெரியாதவள்! நான் எழுத்துக்கூட்டிச் சுமந்து வந்ததை அவள் உட்கார்ந்த இடத்தில் சொன்னாள்!

நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளே எரிந்தது. அது மட்டுமா? இல்லை... இன்னொன்றும் இருந்தது. போனவன் வரவே கூடாது என்று பல்லைக் கடித்து வாழ்கிறவள் நான். வருவான் என்று தினமும் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறாளே இவள்... அந்தப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் வந்தது? அவளுக்கு மட்டும் ஏன் அந்த நம்பிக்கை?

கடைசி வாரப் பத்திரிகை கைக்கு வந்தது. வீட்டில் விளக்கு ஏற்றும் நேரத்தில் படித்தேன். கதவு தட்டப்படுகிறது. வீட்டுக்காரி திறக்கிறாள். நனைந்த உடம்போடு புருஷன் நிற்கிறான். அவனைக் கொல்லப் பார்த்த கூட்டாளிகளை அவனே தீர்த்துவிட்டு வந்திருக்கிறான். கையில் இரத்தம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வரச்சொல்லி வழி விட்டாள். அதோடு முற்றும்.

சுப்பம்மா சொன்னது சரி! முழுதும் சரி!

மறுநாள் கொட்டகையில் பத்திரிகையை விரித்துப் பிடித்தேன். கதவு தட்டப்படும் இடம் வரை உள்ளபடி படித்தேன். பிறகு என் கண் தாளில் இருந்தது. வாய் தாளில் இல்லை.

கதவைத் தட்டியது போலீஸ் என்றேன். அவளுக்கு விலங்கு மாட்டினார்கள் என்றேன். புருஷனை அன்றே அவள்தான் கொன்றாள், ஈரக் கால் தடம் அவளே தன் காலை நனைத்து வைத்தது என்றேன். வருவான், வருவான் என்று ஊரை ஏய்த்தவள் அவள்தான் என்றேன். எப்படிக் கொன்றாள்? அந்த இடத்தில் ஒரு கணம் நின்றேன். எதிரே சுப்பம்மாவின் தூக்கு இருந்தது.

"குழம்பில் விஷம் வைத்தாள்" என்று படித்தேன்.

எஸ்தர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கோவிந்தம்மா சுப்பம்மாவைப் பார்த்தாள். பிறகு தூக்கைப் பார்த்தாள்.

சுப்பம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, மெய்யாலுமே போட்டுருக்கா?"

"போட்டுருக்கு" என்றேன்.

மறுநாள் அவள் தூக்கைத் திறந்து நடுவில் வைத்தாள். ஒரு கையும் நீளவில்லை. எஸ்தருக்கு வயிறு சரியில்லையாம். கோவிந்தம்மாவுக்கு அன்று விரதமாம். எப்போதிருந்து விரதம் இருக்கிறாள் அவள்? சுப்பம்மா எல்லோர் முகத்தையும் பார்த்தாள். ஒரு கவளம் தன் சோற்றில் பிசைந்து, எல்லோரும் பார்க்கத் தின்றாள். அப்படியும் யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை! விஷத்தை வைத்தவளே நான்... எனக்கு அந்தக் குழம்பில் என்ன பயம்? தொட்டால் மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம்தான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

அடுத்த சில வாரங்களில் உங்கள் கடிதங்கள் வந்தன. பக்கம் நிறைய! செத்தவனைக் கொண்டுவந்து நிறுத்தி ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர். கொலைகாரனுக்குக் கதவு திறக்கிறவள் குலப்பெண்ணா என்று ஒருவர். இதுவல்லவோ கதை என்று ஒருவர். கடைசியில், ஒரு மூலையில், ஒரு தாய் எழுதியிருந்தாள். என் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான், கதையில் கதவு திறந்தபோது அழுதுவிட்டேன், என் கதவும் ஒருநாள் தட்டப்படும் என்று.

களத்தில் கடிதம் படிக்கச் சொன்னார்கள். உள்ளபடி படித்தால் நான் மாட்டிக்கொள்வேன். ஆகவே கடிதங்களையும் நானே செய்தேன். அவளைத் தூக்கில் போட வேண்டும் என்று ஒரு ஊர்க்காரர் எழுதியதாகப் படித்தேன். புருஷனைத் தின்றவள் பொட்டு வைத்துத் திரிந்தாளே என்று இன்னொரு ஊர்க்காரர். ஊர் ஊராகப் பெயர் சொல்லி, நாடே காறித் துப்புவதாகப் படித்தேன். கோவிந்தம்மா தலையாட்டினாள். தன் மனதில் இருந்தது அச்சிலும் வந்துவிட்டதே!

அச்சில் இருந்த முடிவு கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் களத்துப் பெண்களோடு கதை பேசுகிறவர் அல்ல.

சுப்பம்மா இப்போது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். நான் பத்திரிகையை மடித்தபோது எழுந்து வந்தாள். எல்லோரும் நெல் கிளறப் போய்விட்டார்கள். நாங்கள் இருவர்தான்.

"எத்தினி பேரு எழுதிக்கிறாங்க" என்றாள். "அவளுக்கோசரம் ஒருத்தராவது எழுதலியா அக்கா?"

அந்தத் தாயின் கடிதம் என் விரலுக்கு அடியில் இருந்தது.

அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அவள் அதட்டவில்லை, அழவில்லை. ஒரே ஒரு ஆள் போதும் என்று வந்து நின்றாள். அந்தக் கடிதத்தை மட்டும் படித்திருந்தால் போதும்... முடியவில்லையா, மனம் இல்லையா? மனம் இல்லை. இன்று வரை இதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

"இல்ல" என்றேன். "ஒருத்தரும் எழுதல."

மறுநாள் வெறும் நெற்றியோடு வந்தாள். கழுத்தும் வெறுமையாய் இருந்தது. காரியம் செய்ய யாரும் இல்லை, உடலும் இல்லை. தானே செய்துகொண்டாள். சாயங்காலம் வரை நெல் கிளறினாள். அதற்கு அடுத்த நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. தடாப் பக்கம் போனாள் என்றார்கள். சூளூர்ப்பேட்டையில் கூலிக்குப் போகிறாள் என்றும் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை.

கொட்டகையில் அதன் பிறகும் படித்தேன். அவர்கள் "போட்டுருக்கா" என்று கேட்டார்கள். நான் "போட்டுருக்கு" என்றேன்.

கதை கெடுக்கிறது என்று எழுதுகிறீர்களே, அந்தக் கதை அவளைக் கெடுக்கவில்லை! இரத்தமும் பேயும் கலந்த அந்தக் கதைதான் அவளுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தது. நல்ல கதை படியுங்கள் என்று புத்தி சொல்கிறவர்களே, நான் அவளுக்குப் படித்ததுதான் உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கதை. தப்பு செய்தவளுக்கு விலங்கு, வந்த போலீசுக்கு வெற்றி. அதைக் கேட்டுத்தான் அவள் பொட்டை அழித்தாள்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் யார் மன்னிக்க? அவள் கேட்டாளே, அவளுக்காக ஒருத்தராவது எழுதவில்லையா என்று... இதோ, ஒருத்தி எழுதிவிட்டேன்.

ஆனால் இது அச்சில் வந்தாலும் சுப்பம்மாவால் படிக்க முடியாது. எங்கேயாவது ஒரு களத்து நிழலில், எழுத்துத் தெரிந்த ஒருத்தி இதைக் கையில் பிடித்து அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருத்தி என்ன படிப்பாளோ...