பெரியப்பா பாஸான வருஷம்

என் பெரியப்பா ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார் என்றுதான் வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பாதித் தலை நரைத்த பிறகும் ஒருவர் படித்துக்கொண்டே இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? வருஷா வருஷம் ஃபெயிலாகிறார். இரண்டாம் வகுப்பில் இருந்த நான் அப்படித்தான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவரை நினைத்தால் பாவமாக இருக்கும், வெளியே சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

உண்மையில் அது மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான இல்லம், திருநெல்வேலியில் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை இல்லத்தில் விடுவதுதான் எல்லாருக்கும் நல்லது என்று டாக்டர்களே சொல்வார்களாம். தாத்தாவும் சின்ன வயதிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார். தாத்தா காலமான பிறகும் அதை மாற்ற யாரும் நினைக்கவில்லை. குற்றால சீசனுக்கு மட்டும் அப்பா போய்த் தென்காசிக்கு அழைத்து வருவார். எனக்கு அந்த ஒரு வாரம் கொண்டாட்டம். பரமபதத்தில் பாம்பு கொத்தி இறங்கினாலும் கைதட்டிச் சிரிக்கிற பெரிய ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வருஷம் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல், கூட்டமோ கூட்டம். சின்னப் பிள்ளை என்பதால் நானும் அப்பாவோடு ஆண்கள் பக்கம் நின்றேன். குளித்தவர்களை வெளியேற்றப் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவரும் அசையவில்லை. பெரியப்பா மட்டும், தலை நனைவதற்குள் விறுவிறுவென்று வெளியே வந்து, மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவரின் தோளில் கையும் வைத்துக்கொண்டார். இப்படியே இன்னொரு முறையும் நடந்தது. கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன்.

“ஏன்ணே வெளிய வந்துட்டிய?” என்று அப்பா கேட்டார்.

“விசில் அடிச்சாச்சுல்லா? அடுத்த ஆளு குளிக்கணும்லா?”

இல்லத்தில் குளியல் அப்படித்தானாம். அதைக் கேட்ட போலீஸ்காரர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்க ஆசை தீரக் குளிங்க” என்றார். பெரியப்பா குதித்துக் குதித்துக் குளித்தார். அவர் புண்ணியத்தில் ஊரே கூடுதலாகக் குளித்தது. அப்பா மட்டும் அருவிக்குள் போகாமல் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவு முடிந்து பெரியப்பாவை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “பெரியப்பா, இந்த வருஷமாவது பாஸாயிருங்க. பாஸானா வீட்டுலயே இருக்கலாம்லா?” என்றேன்.

“சரிட்டி, பாஸாயிருதேன்” என்றார் பெரியப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

திருநெல்வேலி பஸ் வந்தது, நின்றது, கிளம்பியும் போனது. அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“எத மறந்துட்டு வந்திய?” என்றாள் அம்மா வாசலில்.

“ஒண்ணும் மறக்கல. அண்ணன் பாஸாயாச்சு.”

அம்மா பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பெரியப்பா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். ஊரிலேயே பகல்நேர மையம் வந்துவிட்டது. காலையில் வேன் ஏறிப் போய், சாயங்காலம் ஊர்க்கதையோடு திரும்புகிறார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் பெரியப்பா பாஸாகிவிட்டார் என்று. பரீட்சை எழுதியது அப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது.