டெல்ஃபியா எழுந்து நின்ற சனிக்கிழமை

புத்தகக் கட்டு வந்த அன்று டெல்ஃபியா ஸ்டேசி அட்டையைப் பார்க்கவில்லை. தன் பெயர் அச்சில் எப்படி விழுந்திருக்கிறது என்றும் பார்க்கவில்லை. தம்பி ஆர்வில் இறந்த பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். அந்தப் பக்கத்தில் அவள் எழுதாத சாராயக் குடுவை ஒன்று இருந்தது.

அவள் எழுதிக் கொடுத்தது வேறு. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை முனகத் தொடங்கியதும் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள், உள்ளே ஒருவன் கால் சிக்கிக் கிடக்கிறான் என்று கேட்டு ஆர்வில் மட்டும் திரும்பிப் போனான், கூரை இறங்கிவிட்டது. அச்சில் வந்ததோ, முந்தைய இரவு குடித்த நாட்டுச் சரக்கின் மயக்கம் தெளியாத ஆர்வில், ஓடச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளேயே நின்றுவிட்டான் என்பது.

ஆர்வில் குடித்ததே இல்லை. அப்பன் குடித்துக் கெட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன். பதினெட்டு வயதில், ஓடையின் பனிக்கட்டியை மண்வெட்டியால் உடைக்கச் சொல்லி, அந்தத் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவன்.

டெல்ஃபியா எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு அதே பள்ளியின் சமையலறையில் அவரைக்கொட்டை வேகவைத்து, சோளரொட்டி சுட்டு, பாத்திரம் கழுவி ஆயுளில் பாதியைக் கழித்தாள். மலைச்சாலையில் வரும் நடமாடும் நூலக வண்டியே அவளுடைய கல்லூரி. தட்டச்சைக் கையேடு பார்த்துத் தானே கற்றாள். எழுதிய ஒவ்வொரு தாளுக்கும் கார்பன் நகல் எடுத்துச் செருப்புப் பெட்டிகளில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்தாள். பெக்கம் ஓடைப் பள்ளத்தாக்கைப் பற்றி அவள் எழுதிய ஒரே புத்தகம் அது. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் மற்றப் பக்கங்களையெல்லாம் எழுதினாள்.

பதிப்பாளர் ஹோபர்ட் நேப்பியர் அதே பள்ளத்தாக்குக்காரர். அவள் போகும் அதே சபையில் வரிவரியாகப் பாட்டெடுத்துக் கொடுப்பவர். பழைய மாட்டுத்தீவனக் கடையில் அச்சு இயந்திரத்தைப் போட்டு ‘பெக்கம் ஓடைப் பதிப்பகம்’ என்று பலகை மாட்டியிருந்தார். தவிட்டு மணமும் மை மணமும் அங்கே கலந்தே அடிக்கும். அவருடைய எழுத்தாளர்கள் எல்லோரும் மலைக்காரர்கள்தான்: மருத்துவச்சி ஓமா, மருந்துக்கு விற்க ஜின்செங் கிழங்கு தோண்டும் பர்ல், இன்னும் சிலர். சனிக்கிழமைகளில் நீதிமன்றப் படிகளுக்கு எதிரே காரின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் புத்தகங்களைத் தாங்களே விற்பார்கள். அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஹோபர்ட்டின் கைச்சரக்கு கொஞ்சம் கலந்திருக்கும். ஓமாவின் பச்சிலை மருந்துகளில் பாதி விஸ்கியில் ஊறின. பர்லின் அமைதியான காட்டில் யாரோ யாரையோ துப்பாக்கியோடு துரத்தினார்கள். எழுதியவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் மலைக்காரனின் பெயரை அட்டையில் போட வேறு யார் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். டெல்ஃபியா விடுகிறவள் அல்ல.

மறுநாளே அச்சகத்துக்குப் போனாள்.

“வா டெல்ஃபியா, உட்காரு. அடுப்புல அவரை சூப் இருக்கு, ஊத்தட்டுமா?”

“ஆர்வில் கையில குடுவையைக் கொடுத்தது யாரு?”

ஹோபர்ட் சிரித்தார். “அதைக் கேக்கவா வந்தே? ஒரு துளி சரக்கு இல்லாம நம்ம மலையை எவன் வாங்குவான்? சின்சினாட்டிப் பட்டணத்துக்காரன் கடையில புத்தகத்தை எடுத்துப் புரட்டுறான், குடுவையைப் பாக்குறான், வாங்கிடுறான். வியாபாரம்மா இது.”

“அவன் குடிக்கலை.”

“குடிக்கலைதான், எனக்குத் தெரியாதா? அவன்கூட ஓடையில மீன் பிடிச்சவன் நான். செத்தவன் கோவிச்சுக்கப் போறதில்லை, விடு.”

தெரியாமல் செய்த பிழை என்றால் அவள் ஒருவேளை ஆறியிருப்பாள். தெரிந்தே செய்தது என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டாள்.

நகரத்து வக்கீலிடம் பெட்டிகளைச் சுமந்து போனாள். வக்கீல் நகல்களைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “பதிப்பாளர் திருத்திக்கலாம்னு ஒப்பந்தத்துல நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதோட, செத்தவங்களுக்கு மானநஷ்டம் கிடையாதும்மா” என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் பெட்டிகளோடு திரும்பினாள். அரசாங்கத்துச் சட்டம் கைவிட்டால் என்ன, அதைவிடப் பழைய சட்டம் ஒன்று பெக்கம் ஓடையில் இருந்தது.

சபையின் விதி வேதத்தில் உள்ளபடிதான். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய்ச் சொல்ல வேண்டும். கேளாவிட்டால் இரண்டு சாட்சிகளோடு போக வேண்டும். அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். சபைக்குள் ஒரு மனத்தாங்கல் இருக்கும்வரை, ஆண்டுக்கொரு முறை வரும் திருவிருந்தும், ஒருவர் காலை ஒருவர் கழுவும் கால்கழுவுதலும் நடக்கக் கூடாது. அதனால்தான் முந்தைய நாள் சனிக்கிழமைக் கூட்டத்தில் மூப்பர் எழுந்து, சபை சமாதானமாக இருக்கிறதா என்று கேட்பார். யாரும் பேச மாட்டார்கள். அந்த மௌனமே பதில்.

முதல் படி முடிந்துவிட்டது. இரண்டாவது படிக்கு ஓமாவையும் பர்லையும் அழைத்துப் போனாள்.

“மூணு எழுத்தாளருங்க சேந்து வந்திருக்கீங்க, சங்கம் வைக்கப் போறீங்களா?” என்றார் ஹோபர்ட்.

“திருத்தி அச்சடி, பிரதர். இதுவரை வித்ததையும் திருப்பி வாங்கு” என்றாள் டெல்ஃபியா.

“இது அச்சகம். சபை இல்லை. சபையில சொல்லணும்னா போய்ச் சொல்லிக்கோ, யாரு வேணாம்னா?”

பர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “ஹோபர்ட், அந்த வார்த்தையை எங்க முன்னால சொல்லாதே. நாங்க சாட்சியா வந்திருக்கோம்.”

“நூறு பேர் முன்னாலயும் சொல்லுவேன்.”

புத்தகம் உலகத்துக் காரியம், சபைக்கு அதில் வேலை இல்லை என்று அவர் மனமார நம்பினார். சாட்சிகளின் முன்னால் மூன்றாம் படிக்கு அனுமதியும் கொடுத்துவிட்டார்.

மாதம் தவறாமல் சபைக் கூட்டம் நடந்தது. மார்ச்சில் சொல்லியிருக்கலாம், ஏப்ரலில் சொல்லியிருக்கலாம். டெல்ஃபியா வாய் திறக்கவில்லை. அவள் திருவிருந்து வரும் ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்தாள். பிழைக்கப்போன சொந்தங்கள் எல்லாம் ஒஹாயோவிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் கார்களில் திரும்புவது அப்போதுதான். அந்த ஆண்டு டேட்டனிலிருந்து ஹோபர்ட்டின் அண்ணன் லைஜும் வருவதாக இருந்தது. பழைய சுரங்க வேலையின் கரித்தூசி அவருடைய நுரையீரலைத் தின்று முடிக்கும் நிலை. கடைசியாக ஒருமுறை தம்பியின் காலைக் கழுவி, தன் காலைத் தம்பி கழுவக் கண்டுவிட்டுக் கண்மூட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இது ஊருக்கே தெரியும். டெல்ஃபியாவுக்கும் தெரியும். தெரிந்துதான் காத்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பலகைச் சுவர்க் கோயில் நிரம்பி வழிந்தது. லைஜை முன்வரிசையில் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தார்கள். ஹோபர்ட் அவர் தோளைப் பிடித்தபடி இருந்தார்.

மூப்பர் எலிஹு கேட்டார்: “சபை சமாதானமா இருக்கா?”

பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் ஆணா பெண்ணா என்று விதி பார்ப்பதில்லை.

“இல்லை” என்று டெல்ஃபியா எழுந்து நின்றாள். “பிரதர் ஹோபர்ட் என் தம்பியைப் பத்திப் பொய்னு தெரிஞ்சே பொய்யை அச்சடிச்சிருக்காரு. தனியா போய்ச் சொன்னேன். சாட்சியோட போயும் சொன்னேன். ஆதாரம் பெட்டியில இருக்கு.”

“பெட்டி வேணாம், சிஸ்டர். தாளெல்லாம் கோர்ட்டுக்கு. இங்க வாய்ச்சொல்லுதான்.” மூப்பர் திரும்பினார். “பிரதர் ஹோபர்ட், உண்மையா?”

ஹோபர்ட்டின் முகம் கன்றிப்போனது. “புத்தகத்துல ஒரு திருத்தச் சீட்டு ஒட்டிடுறேன், போதாதா? எங்கண்ணன் சாகக் கிடக்கிறான், இப்பவா இதெல்லாம்?”

“இங்க, இப்போ, வாயால சொல்லட்டும்” என்றாள் டெல்ஃபியா. “ஆர்வில் குடிக்கலை, நான்தான் பொய் சொன்னேன்னு.”

டேட்டனிலிருந்து வந்தவர்கள், ஹோபர்ட்டின் புத்தகங்களை விற்கும் கடைக்காரர்கள், அவர் பாட்டெடுத்துக் கொடுத்தால் பின்பாடுகிறவர்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து அண்ணனின் தலையணையைச் சரிசெய்தார்.

“பிடிவாதக்காரி” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். “திருவிருந்து இல்லாம ஊரே பட்டினி கிடக்கணுமா இவளுக்காக?”

“சாப்பாடெல்லாம் வெளிய மேசையில இருக்கு, போய்த் தின்னு” என்றாள் ஓமா, தலையைத் திருப்பாமலே.

மனத்தாங்கல் தீரும்வரை மூப்பர் திருவிருந்தைத் தள்ளிவைத்தார். லைஜ் கால் கழுவப்படாமலே டேட்டனுக்குத் திரும்பினார்.

ஜூலைக் கூட்டத்தில் அதே கேள்வி வந்தது. டெல்ஃபியா எழுந்தாள். அவள் உட்காருவதற்குள் ஓமா எழுந்தாள்: “என் மருந்துல நான் சொல்லாத விஸ்கியை ஊத்தினது யாருன்னும் கேளுங்க.” பின்னாலேயே பர்ல் எழுந்து நின்றார். இத்தனை காலம் முணுமுணுத்தவர்களுக்கு அன்றுதான் முதுகெலும்பு முளைத்தது. ஹோபர்ட் தலை குனிந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை நீதிமன்றப் படிகளுக்கு எதிரே ஒரு காரின் பின்மூடியும் திறக்கவில்லை.

மாதம் முடிவதற்குள் லைஜ் இறந்த செய்தி டேட்டனிலிருந்து வந்தது.

ஆகஸ்டில் மூப்பர் கேட்பதற்கு முன்னமே ஹோபர்ட் எழுந்து முன்னால் போனார். சட்டை தொளதொளத்தது; ஆள் பாதியாகியிருந்தார். “ஆர்வில் ஸ்டேசி குடிக்கலை. உள்ள மாட்டுனவனைத் தூக்கத்தான் திரும்பிப் போனான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பொய் எழுதினேன். வித்த புத்தகத்தை வீடு வீடா வாங்கிக் கொளுத்துறேன். அவ எழுதினது எழுதினபடி அச்சாகும். சபை மன்னிக்கணும்.”

“சிஸ்டர் டெல்ஃபியா, மனசு நிறைஞ்சுதா?” என்றார் மூப்பர்.

“கேட்டது கிடைச்சுது” என்றாள் அவள். வலது கையை நீட்டினாள். விதி கையைத்தான் கேட்கிறது. ஹோபர்ட் அதைப் பிடித்து அழுதார். அவள் அழவில்லை.

மறுநாள் திருவிருந்து நடந்தது. பிறகு பெஞ்சுகளைத் தள்ளிப்போட்டுக் கால்கழுவத் தொடங்கினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஹோபர்ட்டின் மனைவி வெர்னா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ச் சட்டியோடு நேரே டெல்ஃபியாவிடம் வந்து மண்டியிட்டாள். பெண்கள் பக்கம் பாட்டு தேய்ந்து நின்றுபோனது.

டெல்ஃபியா காலுறையைக் கழற்றி வலது காலை நீட்டினாள்.

வெர்னா கழுவினாள். கழுவியபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “லைஜ் காலைக் கழுவ ஆளில்லாம போய்ச் சேந்துட்டாரு, டெல்ஃபியா. ஜூன்லயே முடிஞ்சிருக்க வேண்டியது. உனக்கு இரக்கமே இல்லையா?” என்றாள்.

“ஆர்வில் மேல பாறை விழுந்துச்சு, வெர்னா. ஆணியடிச்ச பெட்டியிலதான் கொடுத்தாங்க. அவன் காலையும் யாரும் கழுவலை.”

வெர்னா துண்டால் அந்தக் காலை ஒற்றித் துடைத்தாள். டெல்ஃபியா அடுத்த காலை நீட்டினாள்.