துப்பறியும் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

ஒரு தப்பும் செய்யாமல் இன்று பேட்டை கேசட் கடையில் திருட்டு முழி முழித்தேன்.

நேற்று வாடகைக்கு எடுத்தது பழைய நகைச்சுவைப் படம். தடுக்கி விழுந்துகொண்டே திருடனைத் தேடும் ஒரு துப்பறிவாளர். திருடன் யார் என்று அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் படம் மறைந்து, யார் வீட்டுக் காதுகுத்தோ வந்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது அதைச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படத்த அழிச்சு உம்ம வீட்டு விசேசத்தப் பதிஞ்சிட்டு, எங்கிட்டயே வந்து கதை சொல்லுதீரா வே?"

"எங்க வீட்ல காதுகுத்த புள்ளையே இல்ல அண்ணாச்சி."

அவர் நம்பவில்லை. கைரேகை தேடுவதுபோல் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடை டெக்கில் போட்டு ஓட்டினார்.

திரையில் மொட்டைத் தலைக் குழந்தை வீறிட்டது. அதை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்திருந்த தாய்மாமன், சாட்சாத் அண்ணாச்சி.

வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் பையத் திரும்பினார்.

"என்னை எப்பம் வே படம் புடிச்சீரு?"

அந்தப் படத்தில் திருடன் யார்? முழுதாகப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அண்ணாச்சி விசாரித்தால் அதுவும் நானாகத்தான் இருக்கும்.