மூன்று ஸ்லைடுகளில் ஒரு கோடு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கத்தி அக்கா என்று பெயர். எலியின் ஈரலோ சிறுநீரகமோ, மெழுகில் புதைத்துக் கொடுத்தால் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத சீவல்களாக வெட்டித் தருவாள். வாயும் கொஞ்சம் கத்திதான் என்பது வேறு விஷயம்.

வெட்டிய சீவலை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்த வேண்டும். சூடு குறைந்தால் சீவல் மடிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். அக்கா விரலை விட்டுப் பார்ப்பாள். "இருபத்து நாலு வருஷமா இந்த விரல் பொய் சொன்னதில்ல. தெர்மாமீட்டராம், தெர்மாமீட்டர்!" என்று அவர்களைக் கிண்டல் செய்யாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

ஒரு புதன்கிழமை ஆராய்ச்சி மாணவி வந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான்கு வருடமாகச் சிறுநீரகத்தோடு மல்லுக்கட்டும் பெண். பேராசிரியர் உட்பட எல்லாரும் நுண்ணோக்கியின் திரையைச் சுற்றி நின்றார்கள். ஊதா நிறத் திசுவின் நடுவே கருத்த பட்டை ஒன்று ஓடியது.

"மூணு ஸ்லைடுலயும் ஒரே இடத்துல இருக்கு அக்கா! இப்படி ஒரு அடுக்கை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. எல்லாம் நீங்க வெட்டினது!"

"கட்டுரையில உங்க பேரையும் சேர்த்துடலாம்மா" என்றார் பேராசிரியர்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அச்சில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பூரிப்போடு திரையை நெருங்கியபோதுதான் பட்டையின் முனையைப் பார்த்தாள். அது சிறுநீரகத்தின் ஓரத்தோடு நிற்காமல், வெளியே ஒட்டியிருந்த கொழுப்பின் மேலும் நேராக ஓடியது. உறுப்பின் அடுக்கு உறுப்போடு நிற்கும். மடிப்புக்கு ஏது எல்லை? மடிந்த இடத்தில் திசு இரட்டையாகிறது, சாயமும் இரட்டையாக ஏறுகிறது. மூன்றும் அடுத்தடுத்து வெட்டியவை. வெட்டிய அன்று மின்சாரம் போய் வந்ததும், சூடு போதும் என்று விரல் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கணவர் பஸ் ஓட்டுநர். சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். "யாருக்கும் தெரியாதுங்க. சொன்னா இத்தனை வருஷப் பேரு போயிடும். அந்தப் பொண்ணு வேற உடைஞ்சு போயிடுவா."

"பிரேக் சரியில்லைன்னு தெரிஞ்சே நான் பஸ்ஸ எடுத்தா நீ ஏறுவியா?"

"பிரேக் நல்லா இருந்தாலே உங்க பஸ்ல நான் ஏற மாட்டேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை, எல்லார் முன்னாலும் மாணவியிடம் சொல்லிவிட்டாள். "அது அடுக்கு இல்ல கண்ணு, மடிப்பு. தப்பு என்மேல."

மாணவியின் முகம் செத்துவிட்டது. "நிச்சயமா தெரியுமா அக்கா?"

"அதே மெழுகுக் கட்டியில இருந்து திரும்ப வெட்டறேன். நீயே பாரு."

இந்த முறை தெர்மாமீட்டரைப் பார்த்தாள். கிண்டல் வாங்கியவர்கள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளட்டும். சாயம் ஏறும் வரை அவளுக்கு ஒரே நினைப்புதான்: அந்தக் கோடு இருந்துவிடக் கூடாதா, நான் உளறிவிட்டேன் என்று ஆகிவிடக் கூடாதா.

கோடு இல்லை. திசு துடைத்துவிட்டது மாதிரி சுத்தமாக இருந்தது.

மாணவி எழுந்து வெளியே போனாள். முகம் கழுவிக்கொண்டு வரப் பத்து நிமிடம் ஆயிற்று. "இன்னும் ரெண்டு எலியோட மெழுகுக் கட்டி மிச்சம் இருக்கு. வெட்டித் தரீங்களா அக்கா?"

"என்னையா கேக்கறே?"

"மடிஞ்சா மடிஞ்சதுன்னு சொல்ற ஆள் வேற யாரு இருக்காங்க இங்க?"

அக்கா தொட்டியின் சுவிட்சைப் போட்டு, தெர்மாமீட்டரை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"சூடு எவ்வளவுன்னு நீ பாத்துச் சொல்லு."