சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு தீர்மானம்

நான் எந்த ஊர் மன்றத்தில் கவுன்சிலராக இருந்தேன் என்று சொல்லப்போவதில்லை. பாடியிலிருந்து பூந்தமல்லி வரை எங்கே போய்க் கேட்டாலும் இதில் பாதியாவது நடந்திருக்கும். எங்கள் வார்டு பெண்களுக்கான தனி வார்டாக மாறியபோது, கட்சிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, என்னை நிறுத்தினார்கள். ஜெயித்தேன். "சும்மா கையெழுத்துப் போட்டா போதும்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார் வட்டச் செயலாளர். அந்த மனிதர் பார்த்துக்கொண்டதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் அதுவே தனிப் புத்தகம் ஆகிவிடும்.

நான் சம்மதித்து நின்றதற்குக் காரணம் என் அப்பா. அவருடைய அப்பா ஏரிக்குக் கீழே ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிவேலை செய்தவர். என் அப்பா பாடியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எங்கள் சனங்களின் சுடுகாடு ஏரியின் உபரிநீர்க் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எங்களுக்குப் புதைக்கிற வழக்கம். முன்பு வரப்புமேல் சுற்றிக்கொண்டு போவார்களாம். வரப்பெல்லாம் மனையாகி, மனைக்கெல்லாம் காம்பவுண்டு சுவர் வந்தபின், கால்வாயில் இறங்கி ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் செத்தால் இடுப்பளவு தண்ணீரில்தான் போகவேண்டும்.

என் அம்மா கார்த்திகை மாதத்தில் செத்தாள். தூக்கியவர்களில் ஒருவருக்குச் சேற்றில் கால் வழுக்கி, பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அம்மாவின் தலை தண்ணீரில் நனைந்தது. மாலை கழன்று மிதந்து போனது. "புடி, புடி" என்று அப்பா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு வேறு ஆசையே இல்லை. "என்னிய அவ பக்கத்துல போட்டுடுங்க. ஆனா தண்ணில தூக்கிகினு போவாதீங்க" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கவுன்சிலர் ஆன அன்று கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்: "அந்தப் பாதைய போட்டுடுவ இல்ல?" போட்டுவிடுவேன் என்றுதான் நானும் நம்பினேன்.

மன்றக் கூட்டம் என்றால் என்னவோ நினைத்திருந்தேன். ஏசி போட்ட ஹாலில் வடை, முந்திரி பக்கோடா, டீ வரும். மேசைமேல் கனமான அஜெண்டா இருக்கும். அதைப் படித்துவிட்டு வருகிறவர் யாரும் இல்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் 'பொருள்' என்று பெயர். பெயர் என்னவோ பொருள்தான். சேர்மன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "முதல் பொருளிலிருந்து கடைசிப் பொருள் வரை மன்றம் ஏற்கிறதா?" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். குப்பை லாரி, தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு என்று ஊரே அந்த ஒரு தட்டலில் அடங்கிவிடும். அதற்குப் பிறகு பேச விரும்புகிறவர்கள் பேசலாம், சோற்றை வடித்தபின் உலை வைக்கிற மாதிரி.

நான் பேசினேன். ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பாதையைத்தான் பேசினேன். நான் எழுந்தாலே "தோ, சுடுகாடு வந்துடுச்சி" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். எரிச்சலாக இருக்கும். பொறியாளர் எழுந்து ஒரே பதிலைச் சொல்வார்: "ஆவன செய்யப்படும்."

வீட்டுக்கு வந்தால் அப்பா கட்டிலில் சாய்ந்தபடி காத்திருப்பார். நுரையீரல் கெட்டுப்போய் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்.

"இன்னா சொன்னாங்கோ?"

"ஆவன செய்யப்படுமாம்."

"அப்டின்னா?"

"செய்யமாட்டோம்னு அர்த்தம் நைனா."

சிரிப்பார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆகும். "நீ வுடாத, கேட்டுகினே இரு" என்பார்.

ஒரு கூட்டத்துக்கு முந்தின நாள் வந்த அஜெண்டாவில் எங்கள் வார்டின் பெயரைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. படித்தேன். மறுபடியும் படித்தேன். அதில் எழுதியிருந்தது இதுதான்: மேற்படி மயானத்துக்குப் பாதை வசதி இல்லாததாலும், வார்டு உறுப்பினர் இது குறித்துத் தொடர்ந்து கோரிக்கை வைத்து வருவதாலும், அந்த மயானத்தை மூடிவிட்டு, பொதுமக்கள் இனி நகராட்சியின் எரிவாயு தகன மேடையைப் பயன்படுத்திக்கொள்ள மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.

பாதை கேட்டோம். பாதை போய்ச் சேருகிற இடத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணமாக என் வாயிலிருந்து வந்ததையே எழுதியிருந்தார்கள். அந்தக் காம்பவுண்டு சுவர்களுக்குள் இருக்கும் மனைகள் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் விலை போகவில்லை என்று ஊரில் பேச்சு இருந்தது. என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் அதற்குமேல் எழுதமாட்டேன்.

மறுநாள் சேர்மன் கண்ணாடியைத் தூக்கிவிடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "இந்தப் பொருள ஒத்துக்க முடியாது. எங்க அம்மா அங்க கீறாங்க. எங்க சனமே அங்கதான் கீது" என்றேன். கூட்டத்துக்கென்று பழகிவைத்திருந்த தமிழெல்லாம் போய் வீட்டுப் பேச்சுதான் வாயில் வந்தது.

சேர்மன் கோபப்படவில்லை. பொறுமையாகச் சிரித்தார். "உங்க கோரிக்கையதானம்மா நிறைவேத்தியிருக்கோம். இனிமே உங்க ஆளுங்க தண்ணில இறங்கவே வேணாம். வீட்டு வாசலுக்கே வண்டி வரும், அதுவும் இலவசம்."

மேசைகள் தட்டப்பட்டன. என் கட்சிக்காரர்களும் தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் மூத்த கவுன்சிலர் ஒருவர், நல்ல மனிதர்தான், என் நாற்காலியைக் காட்டி "உக்காரும்மா, பாத்துக்கலாம்" என்றார். என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டேன். பதிவு செய்தார்கள். ஹாலில் நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன். அடுத்து டீ வந்தது.

அப்பாவிடம் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அப்ப ஒங்கம்மா அங்க தனியாவா கீறா?" என்று கேட்டார். வெளியே போய் அழுதேன்.

நகராட்சி கமிஷனரைப் பார்த்தேன், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். இதற்குள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரும்பு கேட் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பங்குனியில் அப்பா போய்விட்டார். அந்த மாதத்தில் கால்வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்து போகலாம். சாவுமேளத்தோடு கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். "பூட்ட ஒடைங்கடா" என்றார்கள் எங்கள் சனங்கள். போலீஸ் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கவுன்சிலர். உங்க மன்றம் போட்ட தீர்மானத்த நீங்களே மீறலாமா? பசங்க மேல கேஸ் ஆயிடும்மா" என்றார். அந்தப் பையன்களின் அம்மாக்கள் என் முகத்தையே பார்த்தார்கள். பாடையைத் திருப்பச் சொன்னது நான்தான். இலவச வண்டி வந்தது. நல்ல தார் ரோட்டில், தண்ணீரே படாமல் போனார் அப்பா. சாயங்காலம் ஒரு சின்னப் பானையில் திரும்பி வந்தவரைக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தோம்.

அடுத்த மாதக் கூட்டம். அந்த மாதத்தில் செத்தவர்களுக்கு இரங்கல் சொல்லிவிட்டுத்தான் எங்கள் மன்றத்தில் வேலை தொடங்கும். சேர்மன் குரலைத் தாழ்த்தி, "நமது சகோதரியின் தந்தையார் மறைவுக்கு இம்மன்றம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. சேர்மன் எழுந்தார், கமிஷனர் எழுந்தார், பொறியாளர் எழுந்தார், பின்வரிசையும் எழுந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

நான் எழவில்லை.

மூத்த கவுன்சிலர் குனிந்து என் காதோரம், "எந்திரிம்மா, ஒங்க நைனாவுக்குத்தான் நிக்கறோம்" என்றார்.

"அன்னிக்கு நான் நின்னப்ப நீங்க ஒருத்தரும் எந்திரிக்கலியே அண்ணாத்தே" என்றேன். மௌன அஞ்சலி என்பதால் ஹால் முழுக்கக் கேட்டது.