சம்மதம் கேட்பவள்

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பவானியின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். "யாருக்கு எந்தக் களிம்புன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சீட்டு குலுக்கிப் போடற மாதிரிதான்..." பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நோயாளிகளுக்கு விளக்குவதற்காக, ஆங்கிலத்தில் படித்த பாடத்தை மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் தன் குப்பத்துப் பேச்சில் சொல்லிப் பார்க்கிறாள்.

"இன்னாமே, பஸ்ஸுல தனியா பேசிகினு போறியாமே? ஊரே சொல்லுது" என்று கிண்டல் செய்கிறான் கணவன் ஹேமந்த். படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். சனி, ஞாயிறுகளில் அவள் சென்னைக்கு வகுப்புக்குப் போய்விட்டால் மீன் குழம்பு அவன் பொறுப்பு. உப்பு தூக்கலாகத்தான் இருக்கும். பவானி ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

சிறுசேரிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் அவள். குளிரூட்டிய அறை, இரட்டைக் கையுறை, மருந்துச் சோதனைகளுக்காக வரும் ரத்த மாதிரிகள் வரிசை வரிசையாய்க் கண்ணாடிக் குழாய்களில். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் மட்டும். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ஓர் எண் ஒருமுறை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. "அந்த ஆளு இன்னா ஆனாரு சார்?" என்று மேலாளரிடம் கேட்டாள். "அது நமக்குத் தெரியக் கூடாதும்மா" என்றார் அவர். சொன்னது சரிதான், ஆய்வின் விதிமுறை அப்படி. ஆனாலும் அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறந்தவள், சாப்பிடாமலே மூடிவிட்டாள். அந்தக் கோடையில்தான் மருத்துவ ஆய்வு முதுகலைப் படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தாள்.

படிப்பு இன்னும் முடியவில்லை. ஆனால் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டாள். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கான புதுக் களிம்பைச் சோதிக்கும் குழுவில் இருக்கிறாள். சேர்ந்த புதிதில் வராந்தாவுக்கு வந்து, "சாம்பிள் வந்துட்டுதா?" என்று கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "நான்தாம்மா" என்றார். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் கூசுகிறது. இப்போது எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

போன வாரம் சாரதாம்பாள் வந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம், குதிகாலில் ஆறாத புண். ஆய்வில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. அன்றைக்குள் நிரப்பியாக வேண்டும் என்று ஆய்வை நடத்தும் டாக்டர் ஜானகிராமன் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பவானி எல்லாவற்றையும் விளக்கிவிட்டுச் சம்மதப் படிவத்தை எடுத்ததும், "எங்கம்மா கையெழுத்து? குடு, போட்டுட்டுப் போறேன்" என்றார் சாரதாம்பாள்.

"இருங்கம்மா. நான் சொன்னதுல உங்களுக்கு இன்னா புரிஞ்சுது, அதைச் சொல்லுங்க. அப்பறம் போடலாம்."

"புது மருந்து தர்றீங்க. புண்ணு ஆறிடும்."

ஒரு "ஆமாம்" போதும், இடம் நிரம்பிவிடும். பவானி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆறும்னு நான் சொல்லலம்மா. ஆறுதா இல்லியான்னு பாக்கத்தான் இதைச் செய்யறோம். ரெண்டு களிம்பு கீது. ஒண்ணுல மருந்து கீது, இன்னொண்ணுல இல்ல. உங்களுக்கு எது வரும்னு எனக்கே தெரியாது. புண்ணைக் கழுவிக் கட்டறது மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"மருந்து இல்லாததும் வருமா?"

"வரலாம்."

சாரதாம்பாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மனசு ஒப்பல. வேணாம்னா டாக்டர் கோச்சிக்குவாரா? வைத்தியம் பாக்க மாட்டேன்னுடுவாரா?"

பவானி டாக்டரின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "மாட்டாரு. எப்பவும் போலத்தான் பாப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

விஷயத்தைக் கேட்ட டாக்டர், "விளக்கி விளக்கியே ஆளை அனுப்பிட்டியேம்மா" என்றார் சலிப்புடன். பேனாவை மூடினார். பிறகு, "சரி, கட்டுப் போடற ரூமுக்கு அழைச்சுட்டுப் போ. நானே வந்து பாக்கறேன்" என்றார். ஆய்வின் கடைசி இடம் காலியாகவே இருந்துவிட்டது.

கட்டுப் போட்டு முடிந்ததும் சாரதாம்பாள் செருப்பை மாட்டப் பார்த்தார். கட்டின் பருமனில் வார் எட்டவில்லை. பவானி தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, வாரைத் தளர்த்தத் தொடங்கினாள்.