திங்கட்கிழமைப் பெற்றோல்

மார்கழி பிறந்து நாலாம் நாள் எங்கள் பாற்சங்கத்தின் பிக்கப் முதன்முதலாகப் பிந்தியது. சங்கத்திடம் இருந்த ஒரே வாகனம் அது. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, சுற்றுவட்டார ஊர்களில் பாலைச் சேர்த்து, வெயில் ஏறுமுன் பட்டணத்தில் கொடுத்துவிட வேண்டும். மின்சாரம் இல்லை, ஐஸ் இல்லை. பிந்தினால் பால் திரிந்துவிடும்.

போரால் பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வருவது நின்றிருந்த காலம். எல்லா வாகனங்களும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் ஆகாது. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு, முன்னால் கைபிடியைப் போட்டுச் சுற்றி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கொஞ்சப் பெற்றோல் ஒரு தகரக் கானில், சாரதியின் ஆசனத்துக்குக் கீழே இருந்தது.

நான் சங்கத்தின் எழுதுவினைஞர். வயது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். ஐயாவும் அம்மாவும் கைநாட்டு. உயர்தரத்தில் நான் இரசாயனவியல் படித்தவள். அதை நான் மறந்ததும் இல்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

சாரதி மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். அங்கே மீன் லொறி ஓட்டியவர். மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் வாசிகசாலையின் பின்வளவில் ஒரு கொட்டிலில் இருந்தார்.

"குளிர், பிள்ளை. எஞ்சின் விறைச்சுப்போய்க் கிடக்கு" என்றார் முதல் நாள்.

"எங்கடை ஊர்க் குளிருக்கு எஞ்சின் விறைக்குமோ அண்ணை?" என்று கேட்டேன்.

அடுத்த நாளும் பிந்தியது. மெக்கானிக் வந்து பிளக்குகளைத் துடைத்து, எண்ணெய்க் குழாயை ஊதிப் பார்த்துவிட்டு, எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை என்றார். எஞ்சினில் பிழை இல்லையென்றால் ஆளில்தான் பிழை என்று நான் முடிவு கட்டினேன். ஒரு போத்தல் பெற்றோலுக்கு ஊரே அலைந்த நேரம் அது. சாரதி பெற்றோலை எடுத்துவிட்டு மண்ணெண்ணெயைக் கலக்கிறார் என்று நினைத்தேன்.

கானைத் தூக்கி என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். விடிய ஐந்து மணிக்கு என்னால் வரமுடியாது. ஆகவே, முதல் நாள் பின்னேரமே ஒரு நாளைக்குரிய பெற்றோலை ஜாம் போத்தலில் அளந்து, மை கொண்டு கோடு போட்டு, வாயைக் கடதாசியால் மூடிப் பசை பூசி ஒட்டி, அந்தக் கடதாசியின் மேல் கையெழுத்தும் போட்டு யன்னலில் வைத்துவிட்டுப் போவேன். யாரும் கை வைத்தால் கையெழுத்துக் கிழியும். எனக்கு அந்த ஏற்பாட்டில் பெரிய பெருமை.

நிலைமை இன்னும் மோசமாகியது. பிக்கப் ஆறு மணிக்குப் புறப்பட்டது, பிறகு ஆறரைக்கு. இரண்டு திங்கட்கிழமைகளில் பால் முழுவதும் திரிந்து திரும்பி வந்தது.

"பிள்ளை, கோடு மட்டுக்குப் பெற்றோல் இல்லை" என்று ஒரு காலை சாரதி சொன்னார். அளவு குறைவென்று முதலில் சொல்பவன்தான் கள்ளன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

சங்கத் தலைவருக்கு இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். 'குறிப்பாகத் திங்கட்கிழமைகளில் தாமதம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மதுபாவனையே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது' என்றும் எழுதினேன். அவர் குடித்து நான் கண்டதே இல்லை.

தலைவர் வாசித்துவிட்டு, "திங்கள் பத்து மணிக்குக் கமிற்றிக் கூட்டம். அவரும் எழுத்திலை பதில் தரட்டும். பதில் சரியில்லாட்டில் வேறை ரைவர் பாப்பம்" என்றார்.

சனிக்கிழமை காலை சாரதி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பதில் எழுதவேணுமாம். எழுதித் தாருங்கோ."

நிவாரண அட்டைக்கும் பிறப்புப் பதிவுக்கும் எழுத்துத் தெரியாதவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் இது வேறு.

"உங்களுக்கு எதிரா எழுதினதே நான்தான் அண்ணை."

"தெரியும். தலைவர் வாசிச்சுக் காட்டினவர். வடிவா எழுதியிருக்கிறியள்."

நக்கலோ என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"வேறை ஆரிட்டையும் போகலாமே?"

"கொட்டிலிலை இருக்கிற எனக்கு இஞ்சை ஆரைத் தெரியும்? உங்களுக்கு என்னைப் பிடிக்காட்டிலும் பிழை விட்டு எழுதமாட்டியள்."

பேனையை எடுத்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார்.

"நாலரைக்கு வாறன். நாலு பிளக்கையும் கழட்டிக்கொண்டு போய் வீட்டு அடுப்புத் தணலிலை சூடாக்கிறன். எஞ்சினுக்கு மேலை சுடுதண்ணியிலை நனைச்ச சாக்குப் போடுறன். பெற்றோல் விட்டுச் சுத்துறன். நாப்பது தரம், அம்பது தரம். தோள்மூட்டுக் கழண்டு போகுது. உங்கடை பெற்றோலிலை… இல்லை, உங்கடை எண்டு எழுதவேண்டாம். பெற்றோலிலை உயிரில்லை எண்டு எழுதுங்கோ."

"எந்த நாளும் உயிரில்லையோ?"

"செவ்வாய், புதனிலை இருவது சுத்திலை ஒருமாதிரிப் பிடிக்கும். ஞாயிறும் அப்பிடித்தான். திங்களிலைதான் பிணம். கான் என்ரை சீற்றுக்குக் கீழை இருக்கேக்கை எல்லா நாளும் ஒண்டுதான்."

"ஞாயிறு குடிச்சால் திங்கள் அப்பிடித்தான் இருக்கும்."

"நான் குடிச்சால் எனக்கெல்லோ தலையிடிக்கும்? பிக்கப்புக்கு ஏன்?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு 'திங்கள்' என்று எழுதினேன். எழுதிய பிறகு கை ஓடவில்லை.

சனி மத்தியானம் சங்கம் பூட்டினால் திங்கள்தான் திறக்கும். ஞாயிறுக்கும் திங்களுக்குமான போத்தல்களை நான் சனி மத்தியானமே ஒன்றாக நிரப்பி வைப்பேன். மற்ற நாட்களில் ஓர் இரவு கடதாசிக்குக் கீழே இருக்கும் பெற்றோல், திங்களுக்கு இரண்டு இரவு இருந்தது. பெற்றோல் ஒரே திரவம் அல்ல, பலவற்றின் கலவை. இலேசானவைதான் முதலில் ஆவியாகும். குளிரில் பற்றிக்கொள்வதும் அவைதான். சோதனையில் இதைப் படம் கீறி விளக்கி நல்ல புள்ளி எடுத்தவள் நான். கடதாசி கையைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது.

அப்போதும் எனக்கு அவரில் சந்தேகம் போகவில்லை. இதை என் வாயால் சொல்லவைக்கத்தான் வந்திருக்கிறாரோ? அவர் பார்க்க, திங்களுக்கென்று இரண்டு போத்தல்களில் ஒரே அளவு ஊற்றினேன். ஒன்றை வழக்கம்போலக் கடதாசியால் மூடினேன். மற்றது ஆயுர்வேத மருந்து வந்த அரிட்டப் போத்தல், இறுக்கமான மூடியோடு. இரண்டையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திங்கள் விடிய ஐயாவின் சைக்கிளில் அவருக்குப் பின்னால் ஏறி வந்தேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். கடதாசி கிழியவில்லை. என் கையெழுத்து அப்படியே இருந்தது. பெற்றோல் மட்டும் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

அதை ஊற்றிச் சுற்றினார். ஐம்பது வரை எண்ணினேன். ஒன்றுமில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டிவிட்டு அரிட்டப் போத்தலைத் திறந்தார். எட்டாவது சுற்றில் எஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது.

அரிக்கன் லாம்போடு தள்ளி நின்ற ஐயா, "அப்ப கள்ளன் ஆர்?" என்று கேட்டார். சாரதி பால் எடுக்கப் போய்விட்டார்.

அவர் திரும்பி வருமுன் மிச்சப் பதிலை எழுதினேன். 'கடதாசியால் மூடப்பட்டிருந்தமையால் பெற்றோல் ஆவியாகியமையே தாமதத்துக்குக் காரணம்.' நல்ல வசனம். அதில் என் பெயர் இல்லை. கமிற்றி தொடங்க முதல் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

கமிற்றியில் இரண்டு கடிதங்களையும் என்னையே வாசிக்கச் சொன்னார் தலைவர். இரண்டாவதை முடித்ததும் கேட்டார்.

"போத்தலைக் கடதாசியாலை மூடினது ஆர்?"

வாங்குப் பலகையில் இருந்த சாரதி நிலத்தைப் பார்த்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. நான் சும்மா இருந்தால் கமிற்றி அவர்தான் என்று எடுத்துக்கொள்ளும்.

"நான்" என்றேன். "குடிக்கிறவர் எண்டு எழுதினதும் பிழை. நான் காணேல்லை."

வேலை அவருக்கே இருந்தது. கானை மட்டும் என் அலுமாரியிலேயே வைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் அளந்து ஊற்றும் நேரத்துக்குச் சரியாக அவர் வந்து நிற்பார். மூடியைத் தானே முறுக்குவார். போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கை நனைகிறதா என்று பார்ப்பார், கையை மூக்கில் வைத்து மணந்தும் பார்ப்பார். பிறகு, போத்தலும் கையுமாக, நான் கானை வைத்து அலுமாரியைப் பூட்டி முடிக்கும்வரை வாசலில் நிற்பார்.